போனுக்குள் பழைய கம்ப்யூட்டரும் ஒரு நீலக் கடுதாசியும்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர இத்தனை வரி சேர்ந்தாற்போல் எழுதியது கிடையாது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். நடுவில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். கூட்டத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. அதற்குப் பிறகு இந்த மழைக்காலத்தில் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் ஐயாவை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ரிட்டயர் ஆன பிறகு அவர் கோத்தகிரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழகினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக வந்து, வயதானவர்களிடம் கடலுக்கு அந்தப் பக்கம் நாம் இருந்த அக்கரைக் கதையைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய் டைப் அடித்தார். கடைசியில் அவரவர் சொன்னதை அந்தந்த வீட்டுக்கு ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். அதை நாமெல்லாம் என்ன செய்தோம்? பீன்ஸ் பந்தலில் குருவி விரட்டக் கட்டினோம். வெயிலுக்கு நன்றாகத்தான் மின்னியது. எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை. அதனால் மட்டும்தான் எங்களுடையது தகரப் பெட்டிக்குள் தங்கியது.

அவர் எங்கள் அம்மாவிடம் ஒரு முழு ஞாயிறு பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் றொட்டி சுட்டேன். தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள். பிறகு சிடியைக் கொடுக்க வந்தபோது, வாங்க வந்த அம்மாவை விட்டுவிட்டு அவர் என் கையில் கொடுத்தார். "இது உனக்குத்தாம்மா. நீ பாரு" என்றார். நான் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். பார்க்க எங்களிடம் எந்தப் பெட்டியும் கிடையாது. இருந்தாலும் பார்த்திருக்கமாட்டேன். எனக்கு ஒரு பயம் இருந்தது.

அந்தப் பயம் என் ஒன்பது வயதில் வந்தது.

நாங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலேறி மேட்டுப்பாளையம் வந்தோம். அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. அக்கா வரவில்லை. எங்கள் கப்பல் காகிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் காகிதத்துக்கு வேறு நம்பர். அவர்கள் பின்னால் வருவார்கள் என்று பேச்சு. பஸ் மலையேறும்போது பர்லியாரில் நின்றது. அம்மா எனக்கு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வளைவிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்தத் தோலின் கறை என் பாவாடை கிழியும் வரை போகவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதிலும் முதல் இரண்டு மாதம் இரண்டு குடும்பம் இருந்தோம். நடுவில் சாக்குத் தொங்கும். அந்தப் பக்கத்தில் அடுப்பு எரிந்தால் இந்தப் பக்கத்தில் கண் எரியும். ஆடி மழை. சுவர் பச்சை பிடித்திருந்தது. கம்பளி ஒரு நாளும் காயவில்லை. இப்போதும் ஈரக் கம்பளி வாசம் அடித்தால் எனக்கு அந்தக் காம்பராதான் வரும்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் என்னை நாலாவதில் போட்டார்கள். நான் வேகமாக வாசிப்பேன். வாத்தியார் மற்றப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக் காட்டுவார். அது லயத்துக்கும் தெரிந்துபோனது. அப்புறம் யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அக்கரைக் கடுதாசி எப்படி வாசிக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அது ஒரு வீட்டுக் கடுதாசியாக இருந்ததே இல்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் ஈரத்தோடு வாசலில் நின்றுகொள்வார்கள். ஏனென்றால் யார் எழுதினாலும் கடைசியில் மேல் லயத்துக்காரர் சுகம், கீழ் லயத்துப் பெரியவர் தவறிவிட்டார் என்று எல்லார் சங்கதியும் இருக்கும். அந்த நீல ஏர்மெயில் தாளுக்கு ஒரு முறை உண்டு. முன்பக்கம் நலமும் வீட்டுச் சங்கதியும். அப்புறம் திருப்ப வேண்டும். பின்பக்கத்தில் மிச்சம். பசை ஒட்டுகிற மடிப்பிலும் இடம் விடாமல் எழுதியிருப்பார்கள். நின்றிருந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தாள் எப்போது திரும்பும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு வந்தது அக்காவின் கடுதாசி. அவளுக்காக அங்கே யாரோ எழுதிக் கொடுத்தது. நலம், நலமறிய ஆவல் என்று நான் சத்தமாகப் படித்தேன். மழை பெய்வது, மாமியார் கால் வீக்கம், எல்லாம் படித்தேன். முன்பக்கத்தின் கடைசி வரி, "எனக்கு ஆண் குழந்தை பிறந்தது."

பக்கத்துக் காம்பரா பெரியம்மாவுக்குப் பெரிய தொண்டை. "ஏய், பேரன்டி ஒனக்கு" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் குலவை போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். அம்மா உள்ளே ஓடிச் சீனி டின்னை எடுத்தாள். நான் அதற்குள் மடிப்பில் பெருவிரலை வைத்துத் தூக்கி, பின்பக்கத்து முதல் வரியைப் பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் குழந்தை தவறிவிட்டது என்று இருந்தது.

நான் திருப்பவில்லை. பதினோரு பெண்கள் நின்றார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன கடுதாசிகளில் படித்துப் படித்து மனப்பாடமாக இருந்ததைச் சொல்லி முடித்தேன். மற்றவை மறு கடிதத்தில், எல்லாருக்கும் சுகம் சொல்லவும். பெரியம்மா, "எங்க தங்கச்சியப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்றாள். எழுதவில்லை என்றேன். அம்மா சீனி டின்னோடு என் முன்னால் நின்று என் கையைப் பார்த்தாள். சீனிக்குக் கை நீட்டச் சொல்கிறாள் என்று நினைத்து நீட்டினேன். ஒரு பிடி வைத்தாள். மழை ஈரத்தில் சீனி கையில் ஒட்டிக்கொண்டது. நக்கித்தான் தின்றேன்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவின் பின்னால், குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த அறைக்குப் பின்னால் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை. தங்களையும் எங்கள் காகிதத்தோடு சேர்த்துச் சீக்கிரம் அழைத்துக்கொள்ள அப்பா குன்னூர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். தாமதிக்க வேண்டாம் என்று இரண்டு முறை இருந்தது. கடுதாசியை இருந்த இடத்திலேயே வைத்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவேயில்லை.

அந்த வாரமோ அடுத்த வாரமோ அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கோ போனார். கப்பலில் போட்டு வந்ததற்குப் பிறகு அந்தக் கோட்டை அன்றைக்குத்தான் எடுத்தார். சாயங்காலம் பேப்பரில் சுற்றி வர்க்கி வாங்கி வந்தார். நான் இரண்டு தின்றேன். எதற்குப் போனார் என்று யாரும் சொல்லவில்லை. கம்பளி வாங்கப் போய்க் கிடைக்காமல் திரும்பினார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த கடுதாசிகளை அம்மா என்னிடம் தரவில்லை. டிஸ்பென்சரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். கம்பவுண்டர் ஐயா தெளிவாகப் படிப்பார், அதனால்தான் என்றாள். ஐந்தாவது முடிந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினாள். எத்தனையோ வீட்டில் அப்படித்தான் நடந்தது.

பிறகு கப்பல் நின்றுபோனது. அக்கா வரவே இல்லை. அவள் அங்கேயே இருந்து, அங்கேயே போனாள். போனில்தான் சொன்னார்கள். அம்மாவும் போய்விட்டாள். அந்த மனுவை மடிப்புக்குள் வைத்து அமுக்கியவள் நான்தான், அக்கா வராமல் போனது என்னால்தான், அம்மா அது தெரியாமலே கண்ணை மூடினாள் என்று இத்தனை வருடம் வைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

இப்போது மருமகளுக்கு வருகிறேன். காரமடைப் பக்கத்துப் பெண். தேயிலை ஃபாக்டரி ஆபீசில் வேலை. மலருக்கு ஏதாவது பழைய படம் கிடைக்குமா என்று தகரப் பெட்டியைக் கிளறியவள் சிடியைக் கண்டெடுத்தாள். நான் வேண்டாம் என்பதற்குள் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய், அதில் இருந்ததைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். திறந்தால் தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக, கோழி கிளறிய மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கெட்டுப்போயிருக்கும், விடு என்றேன்.

"கெட்டுப் போகலைங்கத்தை. அந்தக் காலத்து எழுத்துங்க இது. இதைப் படிக்கிற கம்ப்யூட்டர்தான் இப்ப இல்லீங்க."

"இல்லாததை எங்க போய்த் தேடுவ?"

"போன்லயே ஒண்ணை எழுப்பிப் பாக்கறேனுங்க" என்றாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண்டதையும் ஏற்ற விடமாட்டார்களாம். அதனால் போன். எனக்கு விளங்கின வரை சொல்கிறேன். போனுக்கு ஒரு வேஷம் கட்டிவிடுகிறார்கள். போன் தன்னை ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று நடிக்கிறது. அந்த வேஷத்தை நம்பி, பழைய கம்ப்யூட்டருக்கான சாமான்கள் உள்ளே வந்து குடியிருக்கின்றன. காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டின ஆம்பிளையை, கூத்து முடிகிற வரை நாமெல்லாம் ரதி என்றுதானே கும்பிட்டோம். அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு பெரிதாக ஒன்றை ஏற்றிப் பார்த்தாள். போன் மூச்சு முட்டி அணைந்துபோனது. மறுபடி தேடி, சின்னதாக, சாமான் குறைவாக ஒன்றை எடுத்தாள். நாலு படமும் ஒரு அம்புக்குறியும்தான் அதில் இருக்குமாம். அதுவும் லேசில் எழும்பவில்லை. அதற்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று இவள்தான் சொல்ல வேண்டுமாம்.

"நெறைய ஒதுக்கினா போன் திணறுதுங்க. கம்மியா ஒதுக்கினா உள்ள இருக்கறது திணறுதுங்க."

ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சாக்கை எந்த இடத்தில் தொங்கவிடுவது என்பதுதான் எங்களுக்கும் சண்டை.

மூன்றாவது ஞாயிறு, நல்ல மழை. மகன் லாரியில் போயிருந்தான். உலை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். போனில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. நின்றது. ஓடியது. குக்கரில் ஐந்து விசில் வந்தது. இறக்கியும் வைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் பச்சை கலந்த நீலத்தில் ஒரு திரை வந்தது. கொசு மாதிரி ஒரு அம்புக்குறி. மருமகள் விரல் ஓரிடத்தில் நகர்ந்தால் அம்பு வேறிடத்தில் நகர்ந்தது. அதன் கடிகாரம் ஏதோ ஒரு நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. போன் சுட்ட கிழங்கு மாதிரி கொதித்தது. சில்வர் தட்டில் ஈரத் துணியைப் போட்டு அதன்மேல் வைத்தாள். நான் முட்டி வலிக்கிற விரல்களை ஓரமாக வைத்துக் குளிர் காய்ந்தேன்.

சிடியிலேயே கம்பவுண்டர் ஐயா அந்த எழுத்துகளையும் சேர்த்துப் போட்டிருந்தார். அதை உள்ளே ஏற்றினாள். கோழிக் கிளறல் தமிழாக மாறியது. ஒவ்வொரு வரியாக, யோசித்து யோசித்து வந்தது. முதல் வரியில் அம்மா பெயர்.

எழுத்து எறும்பு மாதிரி இருந்ததால் மருமகள்தான் படித்தாள். "ஓரத்துல ஒரு கட்டை இருக்குது பாருங்கத்தை. நாம படிக்கப் படிக்க அது எறங்கும். அடியில போய் முட்டுச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க" என்றாள். கம்பவுண்டர் ஐயா அம்மா பேச்சைத் திருத்தாமல் அப்படியே அடித்திருந்தார். மருமகளின் வாயில் அம்மா பேசினாள். அக்கரை மலை, காலையில் பெரட்டுக்கு வரிசையில் நின்றது, கப்பல், முகாம். "பர்லியாருல சின்னவளுக்கு மங்குஸ்தான் வாங்கிக் குடுத்தேன். அத்தனையும் கக்கிட்டா" என்று வந்தபோது மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது எது என்று எனக்குத் தெரியும்.

வந்தது. பேரன் பிறந்தான் என்று சீனி கொடுத்ததை அம்மா சொல்லியிருந்தாள். கடுதாசி வந்து இரண்டு நாள் கழித்து அதை டிஸ்பென்சரியில் காட்டினாளாம். "நீங்கதானேய்யா படிச்சுச் சொன்னீங்க" என்று இருந்தது. அந்த வாரமே அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு குன்னூர் ஆபீசுக்கு மனுவோடு போயிருக்கிறார். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் நம்பரில்தான் வர முடியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறும் கையோடு வர மனசில்லாமல் வர்க்கி வாங்கி வந்தார்.

மனு போயிருக்கிறது. நான் தின்ற வர்க்கி அந்த மனுவின் வர்க்கி. கம்பவுண்டர் ஐயாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை அவரிடம் இருமல் மருந்து வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை.

மருமகள் திரையின் அடி வரை கண்ணை ஓட்டினாள். அப்புறம், "அவ்வளவுதானுங்கத்தை" என்றாள். போன் ரொம்பச் சூடாகிவிட்டது, அணைத்துவிடலாம் என்றாள்.

நான் கட்டையைப் பார்த்தேன். அடியில் முட்டவில்லை. ஒரு நகத்தளவு இடம் இருந்தது.

என் கையைப் பார்த்துக்கொண்டு சீனி டின்னோடு அம்மா நின்றாளே, அவள் எதைப் பார்த்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கட்டை இன்னும் எறங்கலியேம்மா" என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "சூடு ஆறட்டுங்கத்தை. அப்புறமாப் படிச்சுக்கலாமுங்க."

"குடும்மா. எனக்குப் படிக்கத் தெரியும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவள் விரலால் கட்டையை இறக்கிவிட்டாள். மிச்சத்தை நானே படித்தேன். இப்படி இருந்தது:

"சின்னவ கடுதாசியத் திருப்பல. எனக்கு எழுத்துத் தெரியாது, திருப்பணும்னு தெரியும்ல. செத்த பிள்ளைக்கு என் கையால லயம் பூரா சீனி குடுக்க வச்சுட்டாளேன்னு எனக்கு ஆறல. படிச்ச திமிருன்னு நெனச்சேன். அதான் அஞ்சாவதோட நிறுத்துனேன். தம்பியப் பாக்கணும்னு சொன்னது சாக்கு. அவனைப் பிள்ளைக்காம்பரா ஆயா பாத்திருப்பா. ஒம்பது வயசுப் பிள்ளை, அத்தனை பொம்பளைங்க முன்னால என்ன செய்வா. அது எனக்கு உறைக்கிறதுக்கு ரொம்ப வருசமாச்சு. நேருல சொல்ல வாய் வரலய்யா. நீங்க எழுதிப் போடுங்க. அவ படிப்பா."

அதோடு கட்டை அடியில் முட்டியது.

இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்து, கறுத்து, போன் அணைந்துவிட்டது. மறுபடி எழுப்பட்டுங்களா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம், படித்தாகிவிட்டது என்றேன். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் நிறுத்தினேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு போட்டேன். இரண்டு பேரும் தின்றோம்.

சாயங்காலம் வரை எனக்குக் கோபம்தான். ஆறாவதுக்குப் போகாததை நினைத்தா, அம்மா வாய் திறக்காததை நினைத்தா, இருபது வருடத்துக்கு மேல் அதைப் பெட்டியில் போட்டு வைத்த என்னை நினைத்தா, தெரியவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு பாத்தி பீன்ஸ் இருந்திருந்தால் அம்மா சொன்னதும் குருவிதான் விரட்டிக்கொண்டிருக்கும். அம்மா உயிரோடு இருக்கும்போதே நான் படித்துவிட்டேன் என்று அவள் நினைத்திருப்பாளோ என்னவோ. சிடி வந்த பிறகு சில நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பார்வை மங்குகிறது என்று நினைத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

உங்கள் பந்தலில் தொங்குவதை இறக்கித் துடைத்துக் கொண்டுவாருங்கள். கீறல் விழுந்திருந்தால் உறுதி சொல்ல முடியாது, பார்க்கலாம் என்கிறாள் மருமகள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு லீவு.

இனி ஒரு வேண்டுகோள். அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்களில் யாராவது இருந்தால் இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு பேர் என்று எழுதியிருக்கிறேன், கூடக் குறைய இருக்கலாம். சீனிதானா, நாட்டுச் சர்க்கரையா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. பெரியம்மாவின் தங்கச்சியைப் பற்றிப் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது, அவளுக்குச் சுகம் என்று. அதை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. பெரியம்மா வீட்டில் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். தாள் போதாமல் இதை இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும்முன் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.